காஹாங் தோட்டத்துல யோசேப்பு கனவு சொல்ற படம்

நான் படம் பாக்குறதுக்குன்னு ஊர் விட்டு ஊர் போற ஆளு இல்ல. அருவி, கோயில் திருவிழா, டுரியான் சீசன், இதுக்குத்தான் போவேன். போயிட்டு வந்து போன் மைக்க அமுக்கிப் பேசுவேன், அது எழுதிக்கும், நீங்க படிப்பீங்க. ஆனா போன மாசம் மூனாவது ஞாயித்துக்கெழம ஒரே ஒரு படத்துக்காக சிம்பாங் ரெங்கத்துல இருந்து காஹாங் தாண்டிப் போனேன். போக எழுவத்தஞ்சு கிலோமீட்டர், வர எழுவத்தஞ்சு. படத்துக்காகன்னு சொல்றது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் தம்பி குணா.

குணா என்னை விட அஞ்சு வயசு சின்னவன். ஏழு வருசமா என்கூடப் பேச்சு இல்ல. அதுக்கு முன்னாடி நாங்க எப்படி இருந்தோம்னா, நான் கதை சொல்வேன், அவன் உம் கொட்டுவான். தோட்டத்துல இருந்த காலத்துல சாயங்காலம் லயத்து வீட்டு வாசல்ல நாலு பேரு கூடிட்டா நான் ஆரம்பிச்சுடுவேன். உம் கொட்ட ஆளு இல்லாம கதை சொல்றது செவுத்துக்கிட்டப் பேசற மாதிரி. குணா உம் எப்படி இருக்கும் தெரியுமா? சிரிப்பு வர்ற எடத்துல ஒரு மாதிரி, பயம் வர்ற எடத்துல ஒரு மாதிரி. கதை எங்க இழுக்குதுன்னு அவன் உம்ம வச்சே எனக்குத் தெரிஞ்சுடும். இழுத்தா, கொரங்கு ஒன்னக் கொண்டாந்து விட்டுடுவேன். கொரங்குன்னதும் ஞாபகம் வருது, தேங்கா பறிக்கிற கொரங்கு வளத்த ஒரு சீனன் கதை இருக்கு, அது இருக்கட்டும்.

ஏழு வருசத்துக்கு முன்னாடி அவன் மூத்த மகளுக்குப் பரிசம். எங்க ஊரு பாலாய்ராயா பொது மண்டபத்துல நூத்தம்பது பேரு. சம்பந்தி வீட்டுக்காரங்க "அண்ணே, நீங்க நல்லா கதை சொல்வீங்களாமே"ன்னாங்க. எனக்கு அது போதும். மைக்க வாங்குனேன். குணா எப்பவோ என்கிட்ட மட்டும் சொல்லி வச்ச ஒரு விசயம், அவன் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாதது, அத எடுத்துக் கதையாக்கிட்டேன். கையக் கால ஆட்டிச் சொன்னேன். மண்டபமே சிரிச்சு உருண்டுச்சு. சொல்லி முடிச்சுக் கீழ பாத்தா அவன் நாற்காலி காலி. கதை நெடுக அவன் உம் ஒன்னு கூட வரலன்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சிச்சு.

என்ன விசயம்னு இப்ப சொல்லமாட்டேன். சொல்லலாமா கூடாதான்னு காஹாங் போற வரைக்கும் எனக்கே தெரியாது.

அந்த வருசமே அவன் பொண்டாட்டி ரோஸ்லின் பொறந்த தோட்டத்துக்கு, காஹாங் பக்கம், குடி போயிட்டான். ரோஸ்லின் வேதக்காரப் பொண்ணு. குணாவும் இப்ப மாதா கோயிலுக்குப் போறான், அங்கயே கோயிலப் பாத்துக்குற வேல. அவதான் எனக்கு வாட்சப்புல ஒரு படமும் ஒரு கொரலும் அனுப்பிச்சா.

"மாமா, பசியாறியாச்சா? நம்ம தோட்டத்து மாதா கோயில்ல ஒரு பெரிய படம் இருக்கு. யோசேப்பு தன் கனவ அண்ணமாருக்குச் சொல்றது. வருசத்துக்கு ஒருக்கா படத்து முன்னாடி நின்னு ஒருத்தர் அந்தக் கதையச் சொல்லணும். எப்பவும் சொல்ற உபதேசியார் மகவீட்டுக்குப் பினாங்கு போயிட்டாரு. நான் உங்க பேரக் குடுத்துட்டேன்."

நான் திருப்பிக் கூப்ட்டேன். "குணா என்னம்மா சொன்னான்?"

"வேணாம்னு சொல்லல மாமா."

"வரச் சொன்னானா?"

"அப்படியும் சொல்லல. சோத்தப் போடுன்னாரு."

எனக்கு அதுவே பெருசா இருந்துச்சு. ஒரு கதையால போனவன ஒரு கதையால கூட்டிக்கிட்டு வந்துடலாம்னு நெனச்சேன். ஒரு வாரம் அந்தக் கதையவே அசை போட்டேன். தெரியாதவங்களுக்கு: யாக்கோபுன்னு ஒரு அப்பன், அவருக்குப் பன்னெண்டு ஆம்பளப் புள்ள. பதினொன்னாவது யோசேப்பு, செல்லப் புள்ள. அவனுக்கு மட்டும் கலர் கலரா ஒரு அங்கி. அவன் கனவு காணுவான். வயல்ல அண்ணமாரோட கதிர்க்கட்டெல்லாம் தன் கட்டக் கும்பிடுற மாதிரி. கண்டத அப்படியே அண்ணமாருக்கிட்டப் போயிச் சொல்லிடுவான். அவங்க கடுப்பாகி அவனக் கெணத்துல தள்ளி, அப்புறம் வித்துடுறாங்க. பின்னாடி அவன் பெரிய ஆளாகி, பஞ்சத்துல வந்து நிக்கிற அதே அண்ணமாரக் கட்டிக்கிட்டு அழுவான். அழுற எடம் வந்தா குணாவும் அழுவான், நானும் அழுவேன், முடிஞ்சுது. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஞாயித்துக்கெழம காலைல ஏழு பத்து பஸ், ஏழு நாப்பதுக்கு வந்துச்சு. குளுவாங்குக்கு டிக்கெட்டு நாலு வெள்ளி இருவது காசு. முப்பது கிலோமீட்டர்தான், ஆனா பஸ்காரர் எல்லா முக்குலயும் நிக்கிறாரு, ஒரு மணி நேரம் ஆச்சு. சன்னல் பக்கம் உக்காந்துக்குங்க. ரெண்டு பக்கமும் செம்பனை, அடியில பனி. லம்பாக் மலைக்கு இடுப்பு மட்டும்தான் தெரிஞ்சுது, தலையக் காணோம். மழை பேஞ்ச மறுநாள் காலைல போனா இப்படித்தான், பாதி ஊரு முழிச்சிருக்கும், பாதி இன்னும் கனவுல இருக்கும்.

குளுவாங்குல பசியாறினேன். ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரே டீ ஒன்னு, ஆறு வெள்ளி. அங்க கல்லால உக்காந்திருந்தவர்கிட்ட காருக்குக் கேட்டேன். "என் மச்சான் ஓட்டுறாரு"ன்னு ஹமீது பாயக் கூப்ட்டு விட்டாரு. போயி, காத்திருந்து, திரும்பக் கொண்டாந்து விட நூத்தி முப்பது வெள்ளி. நான் நூத்தி இருவதுன்னேன். "யானை வர்ற சடக்குண்ணே, பத்து வெள்ளி யானைக்கு"ன்னாரு. சரின்னு ஏறிட்டேன்.

குளுவாங்குல இருந்து மெர்சிங் போற பெரிய சடக்குல, மெயின் ரோடுல, போனோம். ஒன்பதே கால் இருக்கும். பாய் என் நெத்தியப் பாத்தாரு.

"திருநீறு பூசியிருக்கீங்க, மாதா கோயிலுக்குப் போகணுங்குறீங்க?"

"படம் பாக்கப் போறேன் பாய். யோசேப்பு கனவு சொல்ற படம். நான்தான் இன்னைக்குக் கதை சொல்லப் போறேன்."

"யாரு, நம்ம யூசுப் நபியா?"

"உங்களுக்கும் அவருதானா?"

"அலமாக்! கதை சொல்லப் போறேங்குறீங்க, இது தெரியாதா?" ஸ்டியரிங்க ஒரு தட்டு தட்டுனாரு. "சின்ன வயசுல எங்க வாப்பா சொல்வாங்க. பதினோரு நட்சத்திரம், சூரியன், சந்திரன் எல்லாம் வந்து அவருக்குப் பணியுதுன்னு கனவு. மொதல்ல அவங்க வாப்பாக்கிட்டத்தான் போயிச் சொல்றாரு. வாப்பா என்ன சொன்னாங்க தெரியுமா? மவனே, இத உன் அண்ணமாருக்கிட்ட வாயத் தொறந்து சொல்லிடாதன்னாங்க."

"அந்தப் படத்துல அண்ணமாரெல்லாம் உக்காந்து கேக்குறாங்களே பாய்."

"அப்ப வம்புதான்."

நான் வெளிய பாத்தேன். யானை படம் போட்ட மஞ்ச போர்டு ஒன்னு போச்சு. எனக்கு யானைக் கதை மட்டும் ஒம்பது இருக்கு, ஒன்னு கூட எடுக்கல. சொல்லாதன்னு ஒரு அப்பன் சொல்லியிருக்காரு. எனக்கு அத யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் அன்னைக்குக் கையில மைக் இருந்துச்சு.

"என்னண்ணே, மிசின் நின்னுடுச்சா?"ன்னாரு பாய். 

காஹாங் டவுனத் தாண்டி ஆறு கிலோமீட்டர், இடது பக்கம் தோட்டத்துச் சடக்கு. உள்ள மூனு கிலோமீட்டர் செம்மண்ணு. காவல் கொட்டகையில பேரு எழுதிக் குடுக்கணும், அடையாளக் கார்டு ஐ.சி. கொண்டு போங்க. மாதா கோயில் சின்னதுதான், தகரக் கூரை, வெள்ளப் பெயிண்டு, சுத்தி செம்பனை. பத்தே காலுக்குப் போயிச் சேந்தோம். பூசை நடந்துக்கிட்டு இருந்துச்சு. ரோஸ்லின் வெளிய வந்து கையப் புடிச்சுக்கிட்டா. குணா உள்ள செவுத்தோரமா நின்னான். தலை பூராவும் நரைச்சிருச்சு. என்னைப் பாத்தான், பாக்காத மாதிரி கயித்தப் பாத்தான். படத்துக்குத் திரை போட்டிருக்கு. அந்தத் திரையத் தொறந்து மூடுற கயிறு அவன் கையில.

பூசை முடிஞ்சு அவன் கயித்த இழுத்தான்.

போன்ல பாத்து நான் எதிர்பாத்தது காலண்டர் படம் மாதிரி. இது வேற. ஒரு கதவப் படுக்கப் போட்ட அகலம். முக்காவாசி இருட்டு. மேல மேகம், இப்பத்தான் இடி இடிச்சு ஓஞ்ச மாதிரி, அதுல ஒரு கிழிசல். அந்தக் கிழிசல் வழியா வர்ற வெளிச்சம் பூரா ஒருத்தன் மேல, யோசேப்பு மேல. செவப்பு அங்கி காத்துல பறக்குது. ஒரு கை மேல தூக்கி, வாய் பாதி தொறந்து சொல்லிக்கிட்டு இருக்கான். சுத்தி அண்ணமாரு, ஆடு, ஒரு நாயி. அப்பன் தாடியப் புடிச்சுக்கிட்டு யோசிக்கிறாரு. கீழ் மூலையில கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் ஒரு கெணறு. இனிமே நடக்கப் போறத வரைஞ்சவன் முன்னாடியே மூலையில வச்சுட்டான்! எண்ணெய்ச் சாயம், கிட்டப் போனா காஞ்ச கொளம் மாதிரி வெடிச்சு இருக்கு. ஆனா தள்ளி நின்னா அந்த மேகம் நகர்ற மாதிரியே இருக்கு. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல.

"பழைய வெள்ளக்காரத் தொரை பங்களாவுல இருந்துச்சாம் மாமா"ன்னா ரோஸ்லின். "போகும்போது கோயிலுக்குக் குடுத்துட்டுப் போனாராம். யாரு வரைஞ்சதுன்னு தெரியாது. ஒரு சிஸ்டர் வந்து பாத்துட்டு, இது ரொமான்டிக் ஸ்டைலுன்னு சொன்னாங்க."

"இதுல பொம்பளையே இல்லையேம்மா?"

"ஐயோ மாமா, புயலு, மேகம், பொங்கிப் பொங்கி வரையறதுக்கு அப்படிப் பேராம்."

நாப்பது பேரு பெஞ்சுல உக்காந்துட்டாங்க. நான் படத்துக்குப் பக்கத்துல நின்னேன். "ஒரு ஊர்ல ஒரு அப்பனுக்குப் பன்னெண்டு ஆம்பளப் புள்ளைங்க"ன்னு ஆரம்பிச்சேன். "ம்"முன்னு சனம் கொட்டுச்சு. நல்ல சனம். "அதுல பதினொன்னாவது புள்ளைக்கு மட்டும் அப்பன் ஒரு அங்கி தச்சுக் குடுத்தாரு." "ம்." குணா செவுத்தோரமா நின்னான். வாய் மூடியே இருந்துச்சு.

கனவுக்கு வந்தேன். யோசேப்பு மாதிரியே கையத் தூக்கலாம்னு படத்தத் திரும்பிப் பாத்தேன். அப்பத்தான் பாத்தேன், அவன் கண்ணு ஆகாசத்துல இருக்கு. பதினோரு பேரு சுத்தி இருக்காங்க, ஒருத்தன் மூஞ்சியையும் அவன் பாக்கல. வெளிச்சம் தன் மேல விழுற சந்தோசத்துல இருக்கான்.

தூக்குன கை அப்படியே நின்னுடுச்சு.  எனக்கு அறுவத்தி மூனு வயசு, ஆரம்பிச்ச கதைய முடிக்காம விட்டதில்ல, கல்யாண வீட்டுலயும் சரி, சாவு வீட்டுலயும் சரி.

"மன்னிச்சுக்குங்க. இதுக்கு மேல எனக்கு வரல"ன்னேன்.

முன்வரிசையில ஒரு தடிச்ச ஆளு, தோட்டத்துல வேலையாளுங்கள மேய்ச்ச பழைய தண்டலாம், "ஏய்யா, சிம்பாங் ரெங்கத்துல இருந்து எங்க கோழிக்கறியத் திங்கவா வந்த?"ன்னாரு. சிரிப்பு. கன்னத்துல சூடு ஏறுச்சு. பரிசத்தன்னைக்கு குணாவுக்கும் இப்படித்தான் ஏறியிருக்கும். ரோஸ்லின் எந்திரிச்சு வந்து மீதிக் கதைய சொல்லி முடிச்சா. பத்து நிமிசம், உப்பு கம்மிதான், ஆனா ஒழுங்கா முடிச்சா. சனம் சாப்பிடப் போயிடுச்சு. கோழிக்கறி உண்மையிலயே நல்லா இருந்துச்சு, எனக்குத்தான் எறங்கல.

மூனு மணி வாக்குல எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. பாய் கார்ல தூங்குறாரு. சொல்லிட்டுப் போலாம்னு கோயிலுக்குள்ள போனேன். குணா கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், ஆனா திரைய மூடல.

"ஏன் நிறுத்துன?"ன்னான். ஏழு வருசத்துல மொத வார்த்தை.

"நீ உம் கொட்டல."

"நான் கொட்டலன்னா நிறுத்திடுவியா? அன்னைக்கு நிறுத்துனியா?"

"அன்னைக்கு நான் உன் மூஞ்சியப் பாக்கலடா."

"தெரியும். மேல சுத்துற பேன் காத்தாடியப் பாத்துக்கிட்டே சொன்ன."

"தப்புதான் குணா."

 "செத்த உக்காரு. வெளிச்சம் வரப் போவுது"ன்னான்.

படத்துக்கு எதுத்தாப்புல ஒரு பெஞ்சு. ரெண்டு பேரும் உக்காந்தோம். மேக்குப் பக்கச் சன்னல் வழியா வெயிலு, செம்பனை மட்டைக்குள்ள பூந்து பூந்து, செவுத்துல ஊர்ந்து வந்துச்சு. மொதல்ல யோசேப்பு அங்கியில. அப்புறம் மெதுவா எறங்கி கீழ, முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற ஒரு அண்ணன் மேல. அவன் மூஞ்சி தெரியாது. மடக்குன கை மட்டும் தெரியும். காலைல நான் அது குத்துறதுக்கு மடக்குன கைன்னு நெனச்சேன். வெயிலு பட்டதும் கைக்குள்ள வெள்ளையா ஒரு துணி தெரிஞ்சுது.

"சாப்பாட்டு மூட்டை"ன்னான் குணா. "வீட்டுல கட்டிக் குடுத்தது. அவன் இன்னும் திங்கல. யாரும் அவனப் பாக்க மாட்டாங்க." என் பக்கம் திரும்புனான். "நீ அன்னைக்கு என் கதையத் தப்பா வேற சொன்ன."

"எது தப்பு?"

"நாயி. ரோஸ்லின் கட்டிக் குடுத்த சோத்த நான் நாய்க்குப் போட்டேன்னு சொன்ன பாரு. நான் எப்படா உன்கிட்ட அப்படிச் சொன்னேன்?"

சொல்லல. சனம் சிரிக்கட்டும்னு நான்தான் சேத்தேன்.

"நீ போன்ல எழுதுறதையெல்லாம் ரோஸ்லின் எனக்குப் படிச்சுக் காட்டுவா. நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருப்பேன்"ன்னான்.

"உம் கொட்டுவியா?"

"வாய மூடு." ஆனா மூஞ்சி லேசா எளகுச்சு. "அந்தக் கதைய எழுதணும்னா எழுதிக்க. ஊரே கேட்டாச்சு, அவளும் அழுது முடிச்சாச்சு. ஆனா சரியா எழுது. நாய எடுத்துடு."

அதனால இப்ப எழுதுறேன். குணாவுக்கு சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேல கெடச்சு மூனாம் நாளே நிறுத்திட்டாங்க. அத வீட்டுல சொல்ல வாய் வரல. ரெண்டு மாசம் தெனமும் விடியக்காலைல சோத்து டப்பாவோட கெளம்பி, சிங்கப்பூர் போறவங்க ஏறுற ஜே.பி. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்துட்டு, சாயங்காலம் வேல முடிச்சவன் மாதிரி திரும்பி வந்தான். அவ கட்டிக் குடுத்த சோத்த ஒரு நாளும் கொட்டல. ஒரு பருக்கை விடாம தின்னான். நாயி கெடையாது. நாயி நான் சொன்ன பொய்யி.

"அந்தப் பெஞ்சுல ஒரு நாளு கண்ணசந்துட்டேன். ஒரு கனவு வந்துச்சு"ன்னான் குணா. "அத அன்னைக்கு உன்கிட்டக் கூடச் சொல்லல. இப்ப சொல்றேன். இத எழுதாத."

"ம்"முன்னேன்.

அவன் சொன்னான். வெயிலு அந்த அண்ணன் முதுகுல இருந்து கெணத்துக்கு எறங்குற வரைக்கும் சொன்னான். நடுவுல ஒரு எடத்துல நான் கேள்வி கேக்க வாயத் தொறந்து மூடிக்கிட்டேன். அவன் மூஞ்சிய மட்டும் பாத்தேன். அவன் நிறுத்துற எடத்துலயெல்லாம் நான் "ம்"முன்னேன். உம் கொட்டுறது லேசான வேல இல்லங்க. அத்தன வருசம் அவன் பாத்தது பெரிய வேல.

மூனே முக்காலுக்குத் திரைய இழுத்து மூடுனான். கார் வரைக்கும் வந்து, "தீவாளிக்கு வா. மக வருவா"ன்னான்.

திரும்பி வர்ற வழியில பாய், "தம்பி ரொம்ப நேரம் பேசுனாரே, என்ன சொன்னாரு?"ன்னு கேட்டாரு. நான் அவருக்கு யானைக் கதை சொன்னேன். ஒம்பதும் சொன்னேன்.

போறவங்களுக்கு: படம் தெனமும் தொறந்திருக்காது, ஞாயித்துக்கெழம பூசைக்கு அப்புறம்தான். ரெண்டு நாளைக்கு முன்னாடியே காவல் கொட்டகையில சொல்லி வைங்க. காலைலயே போனாலும் மூனு மணி வரைக்கும் இருங்க, வெளிச்சம் எறங்குறதப் பாக்காம வந்தா பாதிப் படம்தான் பாத்தீங்க. மழை நாள்ல அந்த வெயிலு வராது, மண் சடக்குல காரும் வழுக்கும். ப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீங்க, குணா கத்துவான். காஹாங் டவுனுல தண்ணி வாங்கிக்குங்க, உள்ள கடை இல்ல. எனக்கு எல்லாம் சேத்து நூத்தி நாப்பத்தி நாலு வெள்ளி நாப்பது காசு ஆச்சு. நாலு பேரா சேந்து போனா கார் காசு குறையும். ஆறு மணிக்குள்ள பெரிய சடக்குக்கு வந்துடுங்க, யானைக்காகச் சொல்றேன்.

அந்த பெஞ்சுல உக்காந்திருக்கும்போது வெள்ளத் தலைக்காரர் ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்து எதாச்சும் சொல்ல ஆரம்பிச்சா, போனக் கீழ வச்சுட்டு உம் கொட்டுங்க. அவரா அந்தக் கனவ உங்களுக்குச் சொன்னா அது உங்க குடுப்பினை. என்கிட்ட மட்டும் கேக்காதீங்க. கை அரிக்குது, வாய் அரிக்குது, ஒரு மாசமா வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுத் திரியறேன். ரோஸ்லின் இதப் படிச்சுக் காட்டும்போது அவன் கேட்டுக்கிட்டு இருப்பான். குணா, பாத்துக்கடா, நாயும் இல்ல, கனவும் இல்ல.